பூவா, தலையா, பிழையா?

கே: கல்லாவில் விழுந்த ஒரு ரூபாய்க் காசில் ஆண்டுக்குக் கீழே குட்டி நட்சத்திரம் இருக்கிறது. பக்கத்திலிருந்த காசில் அது இல்லை. பிழைக்காசா, பத்திரப்படுத்தலாமா?
(மளிகைக் கடைக்காரர், திண்டுக்கல்)

ப: பிழை இல்லை அண்ணாச்சி, விலாசம்! ஐதராபாத் நாணயச்சாலையில் அடித்த காசு அது. வைர வடிவம் இருந்தால் மும்பை. உருண்டைப் புள்ளி இருந்தால் நொய்டா. ஒன்றுமே இல்லையென்றால் கொல்கத்தா. நான்கு ஊர்க் காசும் உங்கள் கல்லாவில் இப்போதே கலந்து கிடக்கும், கடை சாத்தும் நேரத்தில் பிரித்துப் பாருங்கள்.

பழைய டப்பா ஏதாவது வீட்டில் இருந்தால் அதையும் கொட்டிப் பாருங்கள். எண்பதுகளில் சில்லறைத் தட்டுப்பாடு வந்தபோது வெளிநாட்டிலும் நம் காசை அடிக்கச் சொன்னார்கள். 1985 ஒரு ரூபாயில் ஆண்டின் கீழ் ஆங்கில ‘எச்’ இருந்தால் அது இங்கிலாந்தின் பர்மிங்காமில் ஹீட்டன் ஆலையில் அடித்தது. அதே ஆண்டின் 25 காசில் ‘சி’ இருந்தால் கனடாவின் ஆட்டவா. இவையும் பிழையல்ல. ஆனால் திண்டுக்கல் கல்லாவுக்கு பர்மிங்காமிலிருந்து வந்த விருந்தாளியைச் செலவழிக்க எனக்கு மனம் வராது.

கே: காசில் விசித்திரமான கோடு, புள்ளி, மேடு எதைப் பார்த்தாலும் ‘எரர் காசு’ என்கிறார்கள். நாணயச்சாலையில் வந்ததா, சாலையில் தேய்ந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது?
(கல்லூரி மாணவி, கோவை)

ப: இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் பாதிக்கு உங்கள் கேள்வியே பதில். முதலில் ஒன்றே ஒன்றைப் பாருங்கள். அந்தக் கோடு மேடாக இருக்கிறதா, பள்ளமாக இருக்கிறதா?

காசு என்பது வெறும் உலோக வில்லை. மேலே ஓர் அச்சு, கீழே ஓர் அச்சு, சுற்றிலும் ஒரு வளையம். மூன்றுக்கும் நடுவில் வில்லை மாட்டிக்கொண்டு ஒரே அடியில் காசாகிறது. அச்சில் பள்ளமாக இருப்பது காசில் மேடாக வரும். அச்சில் விரிசல் விட்டால் அழுத்தத்தில் உலோகம் அந்த விரிசலுக்குள் புகுந்துகொள்ளும். காசில் அது மெல்லிய, நெளிந்த, மேடான கோடாகத் தெரியும். விளிம்போரத்தில் அச்சு துண்டாகவே உடைந்து விழுந்திருந்தால் அந்த இடத்தில் எழுத்தோ படமோ இல்லாமல் மொழுக்கென்று ஒரு திட்டு நிற்கும். அப்போது காசைத் திருப்பி, அதே இடத்துக்கு நேர் பின்புறத்தைப் பாருங்கள். அங்கே படம் மங்கியிருக்க வேண்டும், ஏனென்றால் எதிரே அழுத்திக் கொடுக்க அச்சு இல்லை. மங்கவில்லை என்றால் சந்தேகப்படுங்கள்.

சட்டைப்பையும் சாவிக்கொத்தும் தார்ரோடும் காசில் பள்ளத்தைத்தான் உண்டாக்கும். ஏற்கெனவே அடித்து முடித்த காசில் மேடான கோட்டைப் புதிதாக உண்டாக்க அவற்றால் முடியாது. அதனால் மேடு என்றால் உட்கார்ந்து பாருங்கள். பள்ளம் என்றால் இன்னொரு கேள்வி பாக்கி இருக்கிறது. கீறலின் இரு கரையிலும் உலோகம் வரப்புபோல ஒதுங்கி நிற்கிறதா? நின்றால் அது பிறகு விழுந்த கீறல். கரை சுத்தமாக, பள்ளம் மட்டும் இருந்தால், அடிக்கும் நேரத்தில் நூலோ கம்பித்துணுக்கோ நடுவில் சிக்கியிருக்கலாம். அது உண்மையான நாணயச்சாலைப் பிழை.

பத்து மடங்கு காட்டும் லென்ஸும் மேசை விளக்கும் போதும். விளக்கை மேலே வைக்காமல் பக்கவாட்டில் தாழ்த்தி வைத்து, காசை மெல்லச் சுழற்றுங்கள். மேட்டின் நிழல் விளக்குக்கு எதிர்ப்பக்கம் விழும். பள்ளத்தில் விளக்குப் பக்கத்துக் கரையே இருட்டாகும். செல்போன் ஃபிளாஷில் படம் எடுத்தால் நிழல் செத்துவிடும். மேடு பள்ளமாகவும் பள்ளம் மேடாகவும் தெரிந்து நம்மை ஏமாற்றும்.

கே: அப்பாவின் சேமிப்பில் ஒரு காசு, ஓரத்தில் பிறைபோல் கடிபட்டிருக்கிறது. தட்டான் வெட்டியதா, இயந்திரம் வெட்டியதா?
(இல்லத்தரசி, கும்பகோணம்)

ப: பூரிக்கு மாவைத் தேய்த்து, டம்ளரைக் கவிழ்த்து வட்டம் வட்டமாக வெட்டுவோமே, நினைத்துக்கொள்ளுங்கள். முந்தைய ஓட்டையின் மேல் டம்ளர் கொஞ்சம் ஏறிவிட்டால் அடுத்த பூரி பிறைக்கடியோடு வரும். நாணயச்சாலையிலும் நீளமான உலோகப் பட்டையை நகர்த்தி நகர்த்தித்தான் வில்லை வெட்டுகிறார்கள். பட்டை சரியாக நகராமல் போனால் இதே கதை. பட்டையின் ஓரமே மாட்டிக்கொண்டால் பிறைக்குப் பதில் நேர்க்கோடாக வெட்டுப்படும்.

அடுத்தது சோதனை. கடிபட்ட இடத்துக்கு நேர் எதிர் விளிம்பைப் பாருங்கள். கடி உச்சியில் இருந்தால் எதிர் விளிம்பு அடியில். அங்கே விளிம்பு மெலிந்து, மழுங்கி, பக்கத்து விளிம்போடு சேராமல் இருந்தால் மகிழ்ச்சியடையலாம். அச்சடிக்கும் முன் வில்லையை இரண்டு இரும்புப் பரப்புகளுக்கு நடுவே உருட்டித்தான் விளிம்பை உயர்த்துகிறார்கள். கடிபட்ட பக்கம் வரும்போது அழுத்தம் கிடைப்பதில்லை, அதனால் அந்நேரம் எதிர்ப்பக்கத்திலும் விளிம்பு எழும்புவதில்லை. சேகரிப்பாளர்கள் இதை ‘பிளேக்ஸ்லி விளைவு’ என்பார்கள். எல்லாக் கடிகாசிலும் இது பளிச்சென்று தெரியாது, ஆனால் தெரிந்தால் பெரிய சாட்சி.

கடியை ஒட்டிய எழுத்துகளையும் பாருங்கள். உண்மையான கடி என்றால், அடிபடும்போது உலோகம் காலி இடத்தை நோக்கி ஓடியிருக்கும். எழுத்துகள் அந்தப் பக்கம் இழுபட்டு, கொஞ்சம் சப்பையாகத் தெரியும். எழுத்து முழு உயரத்தோடு போய் திடீரென்று அறுபட்டு நின்றால், வெட்டுமுகத்தில் அரத்தின் வரி தெரிந்தால், அது பட்டறையின் வேலை.

கே: ஷோலே படத்தில் வருவதுபோல இரண்டு பக்கமும் தலை உள்ள காசு என்னிடம் இருக்கிறது. நாணயச்சாலையில் இது நடக்குமா?
(ஓய்வுபெற்ற தபால்காரர், விருதுநகர்)

ப: உங்களிடம் இருப்பது அநேகமாக ஜெய்யின் காசுதான், அதாவது வித்தைக்காரர் காசு. ஒரு காசின் உள்ளைக் கிண்ணமாகக் குடைந்து, இன்னொரு காசைச் சுற்றிச் சீவி, அதற்குள் பொருத்திவிடுவார்கள். ஒரு பக்கத்தில் விளிம்பின் உட்புறத்தை ஒட்டி மயிரிழை வட்டமாக இணைப்பு ஓடுகிறதா என்று லென்ஸில் தேடுங்கள். மரப்பலகையில் போட்டுப் பாருங்கள், ‘கிணிங்’ என்று நீளாமல் ‘டொக்’ என்று ஓசை செத்துவிடும். எடையும் கொஞ்சம் முன்பின் இருக்கும்.

பெரும்பாலான அச்சு இயந்திரங்களில் தலை அச்சும் பூ அச்சும் ஒன்றின் இடத்தில் ஒன்று உட்காராதபடி அடிப்பாகத்தையே வேறு வேறாகச் செய்கிறார்கள். அதனால் இரண்டு தலை என்பது மிக மிக அரிது. டாஸ் போட வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் பேரப்பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கே: ஒரு பக்கம் அசோகர் சிங்கம் சரியாக இருக்கிறது. மறுபக்கத்தில் அதே சிங்கம் கண்ணாடியில் பார்ப்பதுபோல இடம்வலம் மாறி, பள்ளமாக இருக்கிறது. எண்ணே இல்லை. என்ன இது?
(ஆட்டோ ஓட்டுநர், திருச்சி)

ப: அண்ணே, கடிதத்தைப் படித்ததும் எழுந்து உட்கார்ந்தேன்! நீங்கள் சொல்வது ‘பிராக்கேஜ்’. பிழைகளில் எனக்கு மிகப் பிடித்தது.

அடிபட்ட காசு கீழே விழாமல் மேல் அச்சிலோ கீழ் அச்சிலோ ஒட்டிக்கொண்டுவிடுகிறது. அதற்குள் அடுத்த வில்லை வந்து உட்கார்ந்துவிட்டது. நிமிடத்துக்கு நூற்றுக்கணக்கில் அடிக்கும் இயந்திரம் யாருக்காகவும் நிற்பதில்லை. இரண்டாவது வில்லையின் ஒரு பக்கத்தை அச்சு அடிக்கிறது, மறுபக்கத்தை ஒட்டிக்கொண்டிருக்கும் காசு அடிக்கிறது. காசின் மேடு அதில் பள்ளமாகப் பதிகிறது, இடம்வலமும் மாறிவிடுகிறது. ஒட்டிய காசு அடுத்தடுத்த அடியில் நசுங்கி விரிய விரிய, பின்னால் வரும் வில்லைகளில் படம் ஊதிப் பெருத்து மங்கும். பிம்பம் கூர்மையாக, சரியான அளவில் இருந்தால் அது முதல் அடியில் பிறந்தது. அதற்குத்தான் மதிப்பு அதிகம்.

இது நேற்று வந்த கோளாறு அல்ல. சுத்தியலால் அடித்த பழைய ரோமானிய வெள்ளி தினாரிகளிலேயே பிராக்கேஜ் உண்டு. அடிமைத் தொழிலாளியோ சம்பளக்காரரோ, ஒட்டிய காசைக் கவனிக்காமல் அடுத்ததை வைத்துவிட்ட அந்த ஒரு நொடி இரண்டாயிரம் வருடம் தாண்டி வந்திருக்கிறது.

ஒரு எச்சரிக்கை மட்டும். இரண்டு காசை ஒன்றின்மேல் ஒன்று வைத்து பட்டறை வைஸில் நெருக்கினாலும் கண்ணாடிப் பிம்பம் பதியும். கண்டுபிடிக்க வழி சுலபம். அப்படிச் செய்தால் அந்தக் காசின் சொந்தப் படம் அடியோடு அழியாது. பதிந்த பிம்பத்துக்குக் கீழே எண்ணின் எச்சம் தெரியும், நெருக்குண்ட மேடுகள் தட்டையாகிப் பளபளக்கும். உங்கள் காசில் எண்ணின் தடயமே இல்லை என்கிறீர்கள், நல்ல சகுனம். இரண்டு பக்கமும் படம் எடுத்து, எடையோடு எழுதுங்கள். அதுவரை மீட்டர் பெட்டியில் போடாதீர்கள்.

கே: பத்து ரூபாய்க் காசில் பத்துக் கோடு இருந்தால் நல்லது, பதினைந்து கோடு இருந்தால் கள்ளக்காசு என்று பஸ்ஸில் வாங்க மறுக்கிறார்களே?
(தனியார் நிறுவன ஊழியர், வேலூர்)

ப: இரண்டுமே நல்ல காசு. ரூபாய்ச் சின்னம் இல்லாததும் நல்ல காசு. 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கி, அதுவரை வந்த 14 வடிவங்களும் செல்லும் என்று அறிக்கையே விட்டது. வடிவம் வேறு, பிழை வேறு, கள்ளம் வேறு. இந்த மூன்றையும் குழப்பிக்கொண்டதால் எத்தனை பாட்டிமார் கையில் காசிருந்தும் பாதி வழியில் இறக்கிவிடப்பட்டார்கள் என்பதை நினைத்தால் கோபம் வருகிறது. வாங்க மறுக்க யாருக்கும் காரணம் இல்லை.

இதே காசில் உண்மையான பிழையும் உண்டு. வெளி வளையமும் நடு வில்லையும் தனித்தனியாக வந்து, அச்சடிக்கும் அந்த ஓர் அடியில்தான் ஒன்றாகப் பூட்டிக்கொள்கின்றன. நடு வில்லை சரியாக உட்காராமல் விலகிப்போய், அதன்மேல் படம் விழுந்திருந்தால் சேகரிக்க வேண்டியது. நடு வில்லையை யாரோ தட்டி எடுத்த வெறும் வளையம் என்றால், கோடுகள் ஓட்டையின் ஓரத்தில் கச்சிதமாக முடியும். அது சிதைத்த காசு.

கே: ஆண்டு எண் இரட்டையாகத் தெரிகிறது. இணையத்தில் ‘டபுள் டை’ என்று லட்சம் சொல்கிறார்கள்.
(மென்பொருள் பொறியாளர், சென்னை)

ப: இரட்டையாகத் தெரிவதில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று, அச்சே இரட்டை. தாய் அச்சை வேலை அச்சின்மேல் அந்தக் காலத்தில் ஒருமுறைக்கு மேல் அழுத்துவார்கள். இரண்டாவது முறை சற்றுத் திரும்பிவிட்டால் எழுத்துகள் இரண்டிரண்டாக அச்சிலேயே பதிந்துவிடும். அந்த அச்சு அடிக்கும் ஒவ்வொரு காசிலும் அதே இரட்டை, அதே இடத்தில். இதன் பேரரசர் அமெரிக்காவின் 1955 லிங்கன் ஒரு சென்ட். பிலடெல்ஃபியாவில் அடித்தது. கோளாறு தெரியவந்தபோது நல்ல காசுகளோடு கலந்துவிட்டது, இருபதாயிரத்துக்கும் மேல் வெளியே போயிற்று. பல காசுகள் சிகரெட் பாக்கெட்டில் கிடைத்தன. இயந்திரத்தில் 25 சென்ட் போட்டால் 23 சென்ட் பாக்கெட் வரும், மீதி இரண்டு சென்ட்டைப் பாக்கெட்டிலேயே வைத்துக் கொடுத்தார்கள்! அந்தக் காசில் ஆண்டு இரட்டையாக இருப்பது லென்ஸ் இல்லாமலே தெரியும்.

இன்னொன்று, அச்சு தளர்ந்து அடிக்கும்போது ஆடிவிடுவது. எழுத்தின் ஓரத்தை அது வழித்துவிடும். எழுத்தை ஒட்டி, தாழ்வான தட்டையான படிக்கட்டு ஒன்று தெரியும். எழுத்தின் சொந்த அகலம் குறைந்திருக்கும். அசல் இரட்டையில் இரண்டு எழுத்தும் உருண்டு திரண்டு உயரமாக நிற்கும், முனைகள் பிளந்து தெரியும். நீங்கள் அனுப்பிய படத்தில் இருப்பது படிக்கட்டு. லட்சம் வேண்டாம், லென்ஸ் வாங்கியதற்கு முதல் பாடம் கிடைத்தது.

கே: காசைத் திருப்பினால் பின்பக்கம் தலைகீழாக வருகிறது.
(பள்ளி ஆசிரியர், தஞ்சாவூர்)

ப: எப்படித் திருப்பினீர்கள் என்பதில்தான் இருக்கிறது. உச்சியையும் அடியையும் இரு விரலால் பிடித்து, கதவைத் திறப்பதுபோலப் பக்கவாட்டில் சுழற்றுங்கள். நம் நாட்டுக் காசில் பின்பக்கமும் நிமிர்ந்தே நிற்க வேண்டும். அமெரிக்கக் காசில் தலைகீழாக வரும், அது அவர்கள் வழக்கம். உங்கள் இந்தியக் காசு இந்தச் சோதனையிலும் தலைகீழாக நின்றால், அச்சு தன் பிடியில் சுழன்றுவிட்டது என்று பொருள். நல்ல கண்டுபிடிப்பு. இம்மிச் சாய்வுக்கெல்லாம் மதிப்பு கிடையாது.

கே: லண்டனில் இருக்கிறேன். ஆண்டே இல்லாத 20 பென்ஸ் கிடைத்தது. தேய்ந்துவிட்டதா?
(வாசகி, ஈஸ்ட் ஹாம்)

ப: தேயவில்லை, தேதியே போடவில்லை! 2008-ல் பிரிட்டன் காசுகளின் பின்பக்கத்தை மாற்றியபோது, பின்பக்கம் இருந்த ஆண்டை ராணியின் பக்கத்துக்கு இடம் மாற்றினார்கள். பழைய ராணி அச்சையும் புதிய பின்பக்க அச்சையும் யாரோ ஜோடி சேர்த்துவிட்டார்கள். இரண்டிலுமே ஆண்டு இல்லை. முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகப் பிரிட்டனில் புழக்கத்துக்கு வந்த காசில் ஆண்டு விடுபட்டது அப்போதுதான். இப்படிப் பொருந்தா ஜோடிக்கு ‘மியூல்’ என்று பெயர். உங்களுக்கு வாழ்த்துகள், பர்ஸை மூடுங்கள்.

கே: சில எழுத்துகள் மட்டும் காணவில்லை. சுரண்டினார்களா?
(வங்கி ஊழியர், மதுரை)

ப: அச்சின் பள்ளத்தில் கிரீஸும் உலோகத்தூளும் அடைத்துக்கொண்டால் அங்கே எழுத்து எழும்பாது. விடுபட்ட இடத்தில் மற்ற இடத்தைப் போலவே பிறப்பின் பளபளப்பு இருந்தால் கிரீஸ். அங்கே மட்டும் மெருகு மாறி, நுண்கீறல் ஓடினால் கைவேலை.

இந்த வித்தியாசத்துக்கு உலகப் புகழ்பெற்ற உதாரணம் ஒன்று. 1937-ல் அமெரிக்காவின் டென்வர் நாணயச்சாலையில் ஐந்து சென்ட் அச்சுகள் நடுவில் வில்லை இல்லாமலே ஒன்றையொன்று மோதித் தழும்பாகிவிட்டன. தழும்பைப் போக்க ஒரு தொழிலாளி அச்சைத் தேய்த்தார், தேய்த்ததில் காட்டெருமையின் முன்னங்கால் ஒன்றும் சேர்ந்து போய்விட்டது. குளம்பு மட்டும் தரையில் தனியாக நிற்கிறது. மூன்றுகால் எருமைக்கு விலை ஏறியதும், சாதாரணக் காசில் காலைச் சுரண்டிப் பலர் விற்றார்கள். ஆனால் அசலில் எருமையின் வயிற்றுக்குக் கீழே தரைவரை சிறு சிறு மேட்டுப் புள்ளிகள் வரிசையாக இறங்கும். அச்சில் இருந்த குழிகள் அவை. காலைச் சுரண்டத் தெரிந்தவனுக்கு மேட்டுப் புள்ளி போடத் தெரியவில்லை. கோவை மாணவி இதைக் கவனிக்க வேண்டும்.

கே: ராஜராஜன் செப்புக்காசு ஒன்றில் நிற்கும் உருவம் ஓரமாகப் போய், பாதி காசுக்கு வெளியே நிற்கிறது. பிழைக்காசு என்று கூடுதல் விலை கேட்கிறார் வியாபாரி.
(வழக்கறிஞர், புதுக்கோட்டை)

ப: கூடுதலாக ஒரு ரூபாயும் தராதீர்கள். சுத்தியலால் அடித்த காலத்தில் நடுவில் விழுவதுதான் ஆச்சரியம். ஒரு பக்கம் நிற்கும் உருவமும் மறுபக்கம் அமர்ந்த உருவமும் அருகே நாகரியில் பெயரும் முழுமையாக விழுந்த காசுக்குத்தான் விலை அதிகம்.

புதுக்கோட்டைக்காரர் என்பதால் இன்னொன்றும் சொல்கிறேன். 1898-ல் உங்கள் சமஸ்தானத்தில் 501 ரோமானியப் பொற்காசுகள் புதையலாகக் கிடைத்தன. அவற்றில் பத்தில் ஒன்பதுக்கு மேல், பேரரசரின் தலையில் குறுக்கே உளிவெட்டு. கரையில் உலோகம் ஒதுங்கிய, பிறகு விழுந்த வெட்டு, அதாவது நாணயச்சாலைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இனி காசாகச் செல்லாது, வெறும் பொன்னாகத்தான் மதிப்பு என்று காட்ட வெட்டியிருக்கலாம் என்பது அறிஞர்கள் பலரின் கருத்து. பிழைக்காசு தேடுபவர்கள் ‘சேதம்’ என்று ஒதுக்கும் குறிதான் அந்தப் புதையலின் உயிரே.

கே: புளி போட்டுத் தேய்த்து, விபூதியால் மெருகேற்றி அனுப்பட்டுமா?
(வாசகி, நாகர்கோவில்)

ப: அம்மா, வேண்டாம், வேண்டவே வேண்டாம்! குத்துவிளக்குக்குச் செய்யுங்கள். காசில் தேய்த்தால் மேலே சொன்ன சாட்சிகள் அத்தனையும் கழுவிப்போகும்.

கே: வைஷ்ணோ தேவி படம் உள்ள ஐந்து ரூபாய்க்குப் பத்து லட்சம் தருவதாகப் போன் வந்தது. முன்பணம் கேட்கிறார்கள்.
(விவசாயி, தர்மபுரி)

ப: போனை வையுங்கள். 2012 தேதியிட்ட அந்தக் காசு நினைவு வெளியீடு, பிழையே இல்லை. பழைய நோட்டு, காசு வாங்குவதாகக் கட்டணமும் வரியும் கேட்டு ஏமாற்றுகிறார்கள் என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டிலேயே எச்சரித்தது. காசு வாங்க வருகிறவர் உங்களுக்குப் பணம் தர வேண்டும், உங்களிடம் கேட்கக் கூடாது. ஏற்கெனவே அனுப்பியிருந்தால் கூச்சப்படாமல் இன்றே 1930 எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.

கே: நான் ஆறாம் வகுப்பு. எரர் காசு தேட என்னென்ன வேண்டும்?
(மாணவன், ஈரோடு)

ப: லென்ஸ், சின்னக் காந்தம், கிராமில் இரண்டு தசமம் காட்டும் தராசு. காந்தம் எதற்கு? இப்போதைய ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் துருப்பிடிக்காத எஃகு, காந்தத்தில் ஒட்டும். செம்பு நிறத்தில் ஒரு ரூபாய் என்று யாராவது காட்டினால் ஒட்டிப் பார். ஒட்டினால் எஃகுக் காசுக்கு மேலே பூச்சு.

தராசு எதற்கு? 2011-ல் வந்த வரிசையில் ஒரு ரூபாய் 3.79 கிராம், இரண்டு ரூபாய் 4.85 கிராம், ஐந்து ரூபாய் 6 கிராம். இரண்டு ரூபாய்ப் படம், ஆனால் ஓரத்து எழுத்தெல்லாம் வெட்டுப்பட்டு, எடை 3.79 என்று வந்தால் ஒரு ரூபாய் வில்லை தவறி இரண்டு ரூபாய் அச்சுக்குள் போயிருக்கிறது தம்பி! அப்படி ஒன்று கிடைத்தால் அப்பாவிடம் சொல்லி, தலை, பூ, விளிம்பு என்று மூன்று படம் எடுத்து எனக்கு அனுப்பு. காசை அனுப்பாதே, உன்னிடமே இருக்கட்டும்.